இரும்புக்கை மாயாவியும் வாடகை நூலகத் தையலும்

மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் தந்தை தொடங்கிய பைண்டிங் கடையை இப்போது நான் நடத்திவருகிறேன். கணக்குப் பேரேடுகள், கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகள், வக்கீல் அலுவலகக் கட்டுகள் என்று வரும் வேலைகளுக்கு நடுவே, ஐம்பது வயதைக் கடந்த யாராவது ஒருவர் துணிப்பையிலிருந்து பழுப்பேறிய காமிக்ஸ் புத்தகங்களைப் பக்குவமாக எடுத்து மேசைமேல் வைப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் இரும்புக்கை மாயாவியின் கதை ஒன்று இல்லாமல் இருப்பது அரிது. அந்தப் புத்தகங்களைப் பிரித்தும் தைத்தும் ஒட்டியும் நான் கற்றுக்கொண்டவை, இவற்றைச் சேர்த்து வைத்திருப்போருக்கும் இனிமேல் சேர்க்க நினைப்போருக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். காகிதத்தை மட்டும் பேசினால் போதாது. அந்தக் காகிதத்தின் மேல் இத்தனை பேர் இவ்வளவு பற்று வைத்திருப்பது ஏன் என்பதையும் சொன்னால்தான் அதைக் காக்கும் முறையும் விளங்கும்.

மாயாவி பிறந்த ஊர் லண்டன். 1962 அக்டோபரில் ஃப்ளீட்வே நிறுவனம் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியபோது, அதன் முதல் இதழிலேயே அவருடைய கதை வந்தது. தொடக்கத்தில் கென் பல்மர் எழுதினார். பின்னர் டாம் டல்லி அதைப் பல ஆண்டுகள் எழுதினார். படங்களை வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டெல் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கையைப் பொருத்திக்கொள்கிறார். பிறகு நேரும் இன்னொரு விபத்தில் உடலில் கடும் மின்சாரம் பாய்ந்து, அந்த எஃகுக் கையைத் தவிர உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. முதல் தொடரில் அவர் நாயகரே அல்லர். கிடைத்த ஆற்றலைக் கொண்டு கொள்ளையடிக்கவும் மிரட்டவும் துணிந்த குற்றவாளி. பின்னரே திருந்தி, நிழற்படை என்னும் ரகசிய அமைப்பின் உளவாளியாகி, விரலில் துப்பாக்கியும் கைக்குள் பல கருவிகளும் பொருத்தப்பட்ட மாயாவியாக மாறினார். மின்சாரத்தின் வலிமை குறைந்தால் உருவம் திரும்பிவிடும் என்ற ஒரு விதி கதை முழுவதும் அவரைத் துரத்திக்கொண்டே இருக்கும். எதிரியின் கோட்டைக்குள் நிற்கும்போது அவர் தேடுவது ஆயுதத்தை அன்று, அடுத்த மின் இணைப்பை.

பிளாஸ்கோவின் கோடுகளைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையை மட்டும் வரைந்து, அதற்குப் பின்னால் ஒரு முழு மனிதன் நிற்கிறான் என்று வாசகனை நம்பவைப்பது எளிய காரியம் அன்று. கை எந்த உயரத்தில் இருக்கிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அறையில் இருக்கும் மற்றவர்களின் கண்கள் எந்தப் புள்ளியை வெறித்துப் பார்க்கின்றன என்பவற்றைக் கொண்டே அவர் அந்த உடலை உருவாக்கினார். மழையில் நனைந்த தெரு, பாதி வெளிச்சத்தில் நிற்கும் முகம், சுவரில் நீளும் நிழல் ஆகியவற்றை அவர் கறுப்பு மையால் நிரப்பிய விதத்தை, சாணித்தாள் நிறத்துக்கு மாறிவிட்ட ஒரு பக்கத்தில் இன்று பார்த்தாலும் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது.

எங்கள் தொழிலில் இந்தக் கதாநாயகருக்குத் தனி மரியாதை இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நான் கருதுகிறேன். என் தந்தையின் கடையில் கட்டிங் மிஷினில் வேலை பார்த்தவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. அச்சகங்களிலும் பைண்டிங் கடைகளிலும் அந்தக் காலத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். இழந்த கைக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கையைப் பெற்று, அதனாலேயே வலிமையும் பெற்ற ஒருவனின் கதையை அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் விடாமல் படிப்பார். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவரோ, பிறப்பிலேயே பெரும் பலம் பெற்றவரோ அல்லாமல், வேலை செய்யும் இடத்தில் அடிபட்ட ஒரு தொழிலாளியாகத்தான் மாயாவி அவருக்குத் தெரிந்தார். சிறுவர்களுக்கான சாகசக் கதை என்று இதை ஒதுக்கிவிடுவோர் இந்த வாசகரை நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

லண்டனில் பிறந்தவர் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி, மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர் வழியாகப் பேருந்தில் எளிதாகச் சென்றடையக்கூடிய சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்க வேண்டிய தேவை அந்த ஊரில் அச்சுத்தொழிலை வளர்த்தது. வண்ண லேபிளும் நாட்காட்டியும் அச்சடிக்கப் பழகிய அந்த ஊரில்தான், 1972-இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’. வேலியண்ட் இதழில் வாரந்தோறும் சில பக்கங்களாக வந்த கதை, இங்கே ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய முழுப் புத்தகமாகக் கைக்குக் கிடைத்தது. 1967-இல் ஃப்ளீட்வே தொடங்கிய சூப்பர் லைப்ரரி வரிசையில், ஏறக்குறைய 130 பக்கங்களில் மாயாவியின் முழுநீளக் கதைகளும் தனியாக வந்திருந்தன. சிறு அளவும் முழுக் கதையுமாக இருந்த அந்த வடிவம் நம் ஊர் வாசகருக்கு மிகவும் பொருந்தியது என்றே சொல்ல வேண்டும்.

பிறந்த ஊரில் அவருடைய வாழ்வு நீண்டதாக இல்லை. வார இதழ் என்பது படித்துவிட்டுத் தூக்கி எறியும் பொருள். வேலியண்டும் 1976-இல் வேறொரு இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. அதே ஆண்டுகளில்தான் மதுரையிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் வாடகை நூலகங்களின் அலமாரிகளில் மாயாவி கைமாறிக்கொண்டே இருந்தார். புத்தகம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் சில்லறைக் காசு கொடுத்து ஒரு நாளைக்கு எடுத்துச் சென்றார்கள். வீட்டில் அண்ணனும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே ஒரு நாளில் படித்து முடித்தார்கள். சலூன் பெஞ்சில் முன்பக்கமும் பின்பக்கமும் இல்லாமல் கிடந்த புத்தகத்தைக்கூட யாரும் சும்மா விடவில்லை.

இப்படி நூற்றுக்கணக்கான கைகள் புரட்டிய புத்தகம் எப்படித் தப்பியது என்பதற்கான விடை எங்கள் கடையில் இருக்கிறது. புத்தகம் வந்ததும் வாடகை நூலகக்காரர்கள் அதை நேரே அலமாரியில் வைப்பதில்லை. கட்டாகக் கட்டிக்கொண்டு பைண்டிங் கடைக்கு வருவார்கள். தனியாகவோ, இரண்டு மூன்று புத்தகங்களைச் சேர்த்தோ, தடித்த அட்டை போட்டு, முதுகில் காலிக்கோ துணி ஒட்டி, இறுக்கமாகத் தைத்துத் தரச் சொல்வார்கள். அச்சகத்திலிருந்து வந்தபடியே இரண்டு பின்களோடு வீட்டில் வைத்திருந்த பிரதிகள் பல, பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று அழிந்துபோயின. முரட்டுத் தையலுக்குள் சிக்கிய நூலகப் பிரதிகள் ராப்பர் என்னும் வண்ண மேலட்டையை இழந்தாலும், நூலக முத்திரையும் எண்ணுமாக உள்பக்கம் முழுமையாக இன்றும் வந்து நிற்கின்றன. சேகரிப்பாளர்கள் சிலர் பைண்டு செய்த பிரதி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படிப்பட்ட பிரதியைக் கையில் எடுக்கும்போது, தமிழ் வாசகர்கள் இந்த நாயகரை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதற்கான சான்றைத்தான் பார்க்கிறேன்.

என் தந்தை இரண்டு வழக்கங்களைக் கடைப்பிடித்தார். காமிக்ஸ் புத்தகத்தை அவர் ஒருபோதும் ஓரம் வெட்ட மாட்டார். சிறு அளவுப் பக்கத்தில் பேச்சுக் குமிழ் ஓரம் வரை வந்திருக்கும் என்பதால், மிஷினில் ஒரு நூலளவு கூடுதலாக வெட்டினாலும் ஒரு சொல் போய்விடும் என்பார். இரண்டாவதாக, ராப்பரைக் கழற்றி எறியாமல் தன் இடத்திலேயே உள்ளே வைத்துத் தைப்பார். நம் ஊர் ஓவியர்கள் கையால் வண்ணம் தீட்டிய அந்த ராப்பர்களில் சில இன்று வேறெங்கும் கிடைப்பதில்லை. உங்கள் கையில் பைண்டு செய்த பழைய கட்டு இருந்தால், அதைப் பிரித்துத் தனித்தனிப் புத்தகமாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தையல் உறுதியாக இருந்து, பக்கங்களை முழுமையாகப் படிக்கவும் முடிந்தால் அது அப்படியே இருக்கட்டும்.

மாயாவிக்கு மட்டும்தான் இந்த ஊரில் வாசகர்கள் இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1936 பிப்ரவரியில் லீ ஃபாக் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய வேதாளர் (ஃபேண்டம்), 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் மூலம் இந்தியா முழுவதும் பரவி, முத்து காமிக்ஸிலும் பின்னர் ராணி காமிக்ஸிலும் இடம்பெற்றார். ஜானி நீரோ, லாரன்ஸ்–டேவிட் இணை ஆகிய மற்ற காமிக்ஸ் நாயகர்களுக்கும் உயிரைக் கொடுக்கும் வாசகர்கள் இருந்தார்கள். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபின், குற்றவாளிகளின் சக்கரவர்த்தியான ஸ்பைடர் பிள்ளைகளைப் பித்துப்பிடிக்க வைத்தார். சூப்பர்மேனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜெர்ரி சீகல் அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் என்பது எங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்குப் பெரியவர்களான பின்புதான் தெரியவந்தது. 1990-களில் கேபிள் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தபிறகு வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அவற்றின் கட்டுகள் எடைக்குப் போயின. அந்த ஆண்டுகளில் பழைய பேப்பர் கடைகளில் நின்று புத்தகங்களை மீட்டவர்கள்தான் இன்றைய பெரும் சேகரிப்பாளர்கள். 2012-இல் லயனும் முத்துவும் புதிய தாளிலும் வண்ணத்திலும் மறுவருகை தந்தபோது, அவர்களே முதல் சந்தாதாரர்களாகவும் ஆனார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்கள் கூடும்போது மதுரையிலிருந்தும் ஒரு கூட்டம் கிளம்பும். வங்கி மேலாளரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே கதையின் ஒரே காட்சியைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பதை அங்கே பார்க்கலாம்.

இனி, நடைமுறைக்கு வருகிறேன்.

பழைய மாயாவி புத்தகம் வாங்கும்போது முதலில் உறுதிசெய்ய வேண்டியது, அது முதற்பதிப்பா, மறுபதிப்பா, அல்லது வண்ண ஜெராக்ஸ் ராப்பர் போட்ட பிரதியா என்பது. மாயாவியின் கதைகள் பலமுறை மறுபதிப்பாகியிருக்கின்றன; ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து விலை பேசக் கூடாது. விலை, வெளியீட்டு எண், முகவரி, விளம்பரங்கள், அடுத்த வெளியீடு பற்றிய அறிவிப்பு ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ராப்பரின் மேல் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. ஆஃப்செட்டில் அச்சானது என்றால் வண்ணம் ஒழுங்கான சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். ஜெராக்ஸ் என்றால் மெல்லிய கோடுகளும் தூள் ஒட்டியது போன்ற மினுமினுப்பும் இருக்கும். இங்க்ஜெட் என்றால் ஒழுங்கற்ற தெறிப்பாக இருக்கும். ஜெராக்ஸ் ராப்பர் போட்ட புத்தகத்தை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்பக்கம் முழுமையாக இருந்தால் படிக்க அது போதும். அதை அசல் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடமிருந்துதான் தப்ப வேண்டும். வாங்கும்போதே பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடுங்கள். நடுவில் ஒரு ஃபாரம் (ஒரே தாளாக அச்சடித்து மடித்த பக்கங்களின் தொகுதி) கழன்றுபோயிருந்தால் மேலோட்டமாகப் புரட்டும்போது தெரியாது.

அடுத்தது தாள். நம் காமிக்ஸ்கள் அச்சான தாள் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட் வகை. மரத்தை அரைத்துக் கூழாக்கும்போது லிக்னின் என்ற பொருளை நீக்காமலேயே செய்யப்படும் தாள் அது. லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறும். அதிலிருந்து உண்டாகும் அமிலம் தாளின் நாரைத் துண்டு துண்டாக அறுக்கும். அதனால்தான் நாற்பது ஆண்டுக்கால நியூஸ்பிரிண்ட் பக்கத்தின் மூலையை மடித்தால் அப்பளம் போல் உடைகிறது. வெப்பம் கூடக் கூட இந்த அழிவின் வேகமும் கூடும். மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் புத்தகத்தை வைப்பது அதன் ஆயுளை நாமே குறைப்பதற்குச் சமம். வீட்டின் தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அப்போது அலமாரியைப் பூட்டியே வைக்காமல் காற்றோட்டமான நாளில் திறந்து வையுங்கள். வெயிலில் காயவைக்கும் பழைய வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள்.

உறை போடுவோர் கடையில் கிடைக்கும் மலிவான பிவிசி உறையைத் தவிர்க்க வேண்டும். அது நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. முதுகுக்கு ஆதரவாக ஒரு அட்டை வைப்பதானால் எங்கள் தொழிலில் புழங்கும் ஸ்ட்ராபோர்டு என்ற வைக்கோல் அட்டை வேண்டாம், அதிலும் அமிலம் உண்டு. அமிலம் நீக்கிய அட்டை சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும் அதற்குச் செலவிடுவது தகும்.

செல்லோடேப்பைப் பற்றி என்ன சொன்னாலும் போதாது. கிழிந்த பக்கத்தில் ஒட்டப்பட்ட டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகக் கசிந்து, அடுத்த பக்கத்துக்கும் ஊறி, நீக்கவே முடியாத கறையாகிவிடும். பிளாஸ்கோ வரைந்த அழகான ஒரு முழுப்பக்கப் படத்தின் குறுக்கே அப்படிப்பட்ட பட்டை ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. லேமினேஷனும் அப்படித்தான், ஒருமுறை செய்துவிட்டால் தாளைத் திரும்பப் பெற வழியே இல்லை. கிழிசலுக்குச் சரியான மருந்து, ஜப்பானிய டிஷ்யூ என்ற நீண்ட நார்கொண்ட மெல்லிய தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும். பசையை மிக மெல்லியதாகத் தடவி, டிஷ்யூவை வைத்து, இருபுறமும் மை ஒற்றும் தாளை வைத்து, சமமான எடையின் கீழ் காயவிட வேண்டும். பின்னாளில் யாராவது இதைவிட நன்றாகச் செய்ய விரும்பினால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய நன்மை.

எங்கள் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பது நெடுநாளைய வழக்கம். பேரேட்டு அட்டைக்கு அது சரி. காமிக்ஸ் பக்கத்தின் மேல் அந்தப் பசை படக் கூடாது, ஏனெனில் துத்தத்திலுள்ள தாமிரம் தாளின் அழிவை விரைவுபடுத்தும். அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைபடும் புத்தகத்துக்கும் ஏற்றதன்று. ஆகவே பழைய புத்தகத்தைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது, பசையில் துத்தம் கலக்காமல், ஓரம் வெட்டாமல், முதுகில் பசையைக் கொட்டாமல், நடு மடிப்பில் பருத்தி அல்லது லினன் நூலால் தைத்துத் தருமாறு வாய்விட்டுக் கேளுங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்து உருவினால் தாள் கிழியும். உள்பக்கத்தில் மடங்கியிருக்கும் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தியபின் வெளிப்பக்கமாக எடுக்க வேண்டும். பின் இருந்த அதே துளைகள் வழியே நூலைக் கோத்தால் புதிய துளையே தேவைப்படாது.

பூச்சிகளில் கொடியது ராமபாணம். பசையையும் ராப்பரின் பூச்சையும் சுரண்டித் தின்னும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து அலமாரியில் வைப்பது நம் பெரியவர்கள் ஏட்டுச்சுவடிகளுக்குச் செய்த காவல். நானும் அதைத்தான் செய்கிறேன், ஆனால் அது புத்தகத்தைத் தொடாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். எடைக்கடையிலிருந்து வாங்கிய புத்தகத்தை நேராக மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். காற்றுப்புகாத பையில் இட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பை முழுவதும் அறை வெப்பத்துக்கு வரும் வரை திறக்காமல் இருந்தால், முட்டையோடு பூச்சி அழியும், ஈரமும் தாளில் படியாது. கரையானுக்கு இந்த வழியெல்லாம் உதவாது. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரையும் கதவு நிலையையும் அடிக்கடி பார்ப்பதுதான் காப்பு.

பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நொறுங்கும் நிலையில் உள்ள புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டாமல் இருக்க, ஒரு முறை கவனமாகப் படமெடுத்து வைத்துக்கொள்வது பயன் தரும். புத்தகத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு ஒடியும் என்பதால், மேலிருந்து கைபேசியிலோ கேமராவிலோ எடுப்பது நல்லது. அதைப் பலருக்கும் அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. ஃப்ளீட்வேயின் பழைய கதைகளின் உரிமை 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனத்திடம் வந்தது. அவர்கள் 2021-இல் மாயாவியின் தொடக்கக் கதைகளை ஆங்கிலத்தில் மறுபதிப்பும் செய்தார்கள். சிறு எண்ணிக்கையில் அச்சடித்து, உரிமைத் தொகையும் செலுத்தி, தமிழில் இவற்றை வெளியிடுவோருக்குத் தேவையானவர்கள் வாங்குகிற வாசகர்கள். பழைய பிரதியைத் தேடி அலையும் அதே ஆர்வத்தோடு புதிய பதிப்பையும் காசு கொடுத்து வாங்குபவரைத்தான் நான் இந்த நாயகரின் உண்மையான அன்பர் என்று சொல்வேன்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரிய வெளியீடுகளுக்குக் கேட்கப்படும் தொகைகளைக் கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் படித்த ஏழைப் பிள்ளைகளால் வாழவைக்கப்பட்ட கதாநாயகர், பணமுள்ளவர்களின் பீரோவுக்குள் மட்டும் இருக்கும் நிலை வரக் கூடாது. இரட்டைப் பிரதி இருந்தால் விற்பதைவிட மாற்றிக்கொள்வதையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். எங்கள் கடையிலேயே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாரிடம் எது இரண்டாக இருக்கிறது, யாருக்கு எது தேவை என்று அதில் எழுதிச் செல்கிறார்கள். அந்த நோட்டு வழியாகப் பல வெளியீடுகள் பணமில்லாமலேயே கைமாறியிருக்கின்றன.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார், காலமான தம் அண்ணனின் டிரங்குப் பெட்டியில் இருந்த புத்தகங்களைக் கொண்டுவந்தார். பெண் பிள்ளைகளை வாடகை நூலகத்துக்கு அனுப்பாத காலத்தில், அண்ணன் எடுத்துவரும் மாயாவியை அவர் அடுப்படியில் அமர்ந்து படித்து வளர்ந்தவர். வாசகர் கூட்டங்களில் ஆண்களே நிறைந்திருப்பதைப் பார்த்து இது ஆண்களின் உலகம் என்று நினைப்பவர்கள், இப்படிப் படித்த தங்கைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே தொகுப்பாகத் தைத்து, நல்ல பெட்டி செய்து தரட்டுமா என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

“பூட்டி வைக்கிறதுக்காக இதைக் கொண்டுவரலண்ணே. எங்க அண்ணன் பிள்ளைங்களும் பேரப் பிள்ளைங்களும் எடுத்துப் படிக்கணும். கிழிஞ்சா திரும்ப உங்ககிட்டத்தான் கொண்டாருவேன்.”

ஆகவே ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாக, விரித்தால் தட்டையாகப் படியும் வகையில் லினன் நூலால் தைத்தேன். ராப்பர் உள்ளவற்றுக்குப் பாலியெஸ்டர் உறையும், ராப்பர் இல்லாதவற்றுக்கு எழுத்து ஏதுமில்லாத தடித்த தாள் அட்டையும் போட்டேன். மிகவும் நொறுங்கிப்போனவற்றைத் தனியாகப் பிரித்து, அவற்றை மட்டும் படிக்கக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று குறித்துக் கொடுத்தேன். அவற்றுள் மறுபதிப்பு கிடைப்பவற்றை அவரே வாங்கிச் சேர்த்தார். தலைப்பு, வெளியீட்டு எண், பக்க எண்ணிக்கை, புத்தகத்தின் நிலை, எடுத்தவர் பெயர், திரும்பிய நாள் என்று கட்டம் போட்ட ஒரு நோட்டையும் பைண்டு செய்து கொடுத்தேன். தமக்குப் பிறகு இவை யாரிடம் போக வேண்டும் என்பதையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொன்னேன். இதை எழுதாமல் விட்ட பல சேகரிப்புகள் ஒரே நாளில் எடைக்குப் போனதை நான் கண்டிருக்கிறேன். அவர் எழுதியிருப்பது அண்ணன் பேத்தியின் பெயர். அந்தப் பெண் சில மாதங்களுக்கு முன் கடைக்கு வந்து, முத்து காமிக்ஸின் பழைய பட்டியலைக் கேட்டு வாங்கி, பெட்டியில் இல்லாத மாயாவி கதைகள் எவை என்று குறித்துக்கொண்டு, எங்கள் மாற்று நோட்டில் தன் பெயரையும் எழுதிச் சென்றாள்.